கடன் வாங்கிய பீரியட்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள். இன்னும் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் கட்டாயம் படியுங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு டைல்ஸ் போட்டோம். வேலைக்கு வந்த தம்பி என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. "டீச்சர், நான்தான்" என்று அவனே பெயரைச் சொன்னான். இருபத்தைந்து வயது இருக்கும். வண்டியில் ரசமட்டமும் டைல்ஸ் வெட்டும் மிஷினும் வைத்திருந்தான்.

நான் மூலையைக் காட்டி, "இங்கிருந்து ஆரம்பிச்சுடேன்" என்றேன். அவன் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்துச் சுவரைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"சுவரு நேரா இல்ல டீச்சர். இந்த மூலையில ஆரம்பிச்சா கடைசி வரிசையில ஒரு இன்ச்சுக்குக் கீத்துப் பீஸ் வரும். பார்க்க அசிங்கமா இருக்கும். நடுவுல ஒரு கோடு போட்டு ரெண்டு பக்கமும் பிரிச்சுக்குவோம். ரெண்டு ஓரத்துலயும் ஒரே அளவு பீஸ் வந்துடும்."

அதன் பிறகுதான் நாடாவை எடுத்து அளந்தான். அவன் கண்ணால் சொன்னது சரியாக இருந்தது.

"யாருகிட்டடா தொழில் கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"தொழில் எங்க மாமாகிட்ட. பார்க்கக் கத்துக்கிட்டது நம்ம ஓவிய சார்கிட்ட. பானை வரையச் சொல்லுவாருல்ல, நடுக்கோடு போடு, ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாரு, பென்சிலை நீட்டி அளன்னு சொல்லுவாரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிமெண்ட் கலவையைக் கிளறிக்கொண்டே அவன் அடுத்ததையும் சொன்னான்.

"நிழல் போடுறது சொல்லித் தர்றேன்னு சொல்லியிருந்தாரு டீச்சர். அதுக்குள்ள நீங்க அந்தப் பீரியடை எடுத்துக்கிட்டீங்க. அது கத்துக்கவே இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என் மேல் வருத்தம் எதுவும் இல்லை அவனுக்கு. டீ கொடுத்தேன், குடித்தான், வேலையைப் பார்த்தான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவன் சொன்னது உண்மை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியை. 35 ஆண்டுக்கும் மேல் பணி. கடைசிப் பத்து ஆண்டுகள் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தேன். 2012-ல் தமிழகம் முழுவதும் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை என்று பல பாடங்கள். மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மே மாதம் சம்பளம் கிடையாது. எங்கள் பள்ளிக்கு ஓர் ஓவிய ஆசிரியர் வந்தார். ஓவியத்தில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். மிதிவண்டியில் வருவார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும்.

அப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். என்கிற திறனறித் தேர்வுக்குத் தயார் செய்தோம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 500 ரூபாய் உதவித்தொகை. பிறகு அது 1,000 ஆனது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது பெரிய பணம். சாயங்காலம் தனி வகுப்பு வைக்கலாம் என்றால் பிள்ளைகளுக்குப் பஸ் போய்விடும். அதனால் ஓவிய பீரியடை எடுத்துக்கொண்டேன். "சார், ஒரு ரெண்டு மாசத்துக்கு உங்க பீரியடைக் கடனாக் கொடுங்க" என்றுதான் கேட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்? நான் நிரந்தர ஆசிரியை, அவருக்கு 5,000 ரூபாய் வேலை. இரண்டு மாதம் என்றது வருடம் முழுவதும் ஆனது. அடுத்த வருடமும் அப்படியே. அவர் வரும் நாட்களில் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போடுவது, விழா என்றால் கரும்பலகையில் 'வருக வருக' எழுதுவது, தேர்வு நேரத்தில் வினாத்தாள் எண்ணுவது, இதெல்லாம் அவர் வேலை ஆகிவிட்டது.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் இரண்டு பேர் தேர்வானார்கள். அந்த இரண்டு குடும்பத்துக்கும் அது உண்மையான உதவி. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் இருந்தவர்கள் 38 பேர். மீதி 36 பேரிடம் இருந்து ஒரு பாடத்தையே எடுத்துவிட்டேன். அவர்களுக்கு அதற்கு ஈடாக எதையும் கொடுக்கவில்லை. அந்த 36 பேரில் ஒருவன்தான் என் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து டைல்ஸ் போட்டான்.

"படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். ஆசிரியர்களாகிய நாமும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைக்கிறோம். இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருக்கிறது.

முதல் பதில், சிலருக்குச் சோறு போடும். சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அங்கே போன ஓவியர்கள் பாடிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்தைத் தொடர்ந்தார்கள். கையில் கலை இருந்ததால் பிழைத்தார்கள்.

இரண்டாவது பதில்தான் எனக்கு முக்கியம். கணக்கு படிக்கிற எல்லோரும் கணித மேதை ஆவதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கணக்குச் சொல்லித் தருகிறோம். கடையில் சில்லறை வாங்கத் தெரிய வேண்டும், வட்டிக்காரனிடம் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. ஓவியமும் அப்படித்தான். உற்றுப் பார்க்க, அளவை மனதில் வாங்க, தப்பாக வந்தால் அழித்துத் திரும்பப் போட, அடுத்தவன் அதே பானையை வேறு மாதிரி வரைந்திருப்பதைப் பார்த்து "அட" என்று சொல்லத் தெரிய வேண்டும். தையல்காரருக்கு, கொத்தனாருக்கு, நாற்றங்காலைப் பார்த்து நோய் கண்டுபிடிக்கும் விவசாயிக்கு, ஊசி போட நரம்பு தேடும் நர்ஸம்மாவுக்கு, எல்லோருக்கும் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கவென்றே பள்ளியில் இருக்கிற பாடம் இது ஒன்றுதான்.

இதெல்லாம் என் சொந்த ஆசை என்று நினைக்க வேண்டாம். 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் ஆறு முதல் எட்டு வரையிலான பள்ளிக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. சட்டம் ஆளைக் கொடுத்தது. அந்த ஆளுக்குக் கிடைத்த பீரியடை என்னைப் போன்றவர்கள் எடுத்துக்கொண்டோம்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல விஷயம். பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். ஆனால் அது போட்டி. ஏற்கெனவே வரையத் தெரிந்த பிள்ளை பரிசு வாங்கும். வரையத் தெரியாத பிள்ளைக்குத் தேவை வாரத்தில் ஒரு பீரியடும், சொல்லித்தர ஒரு சாரும்.

சரி, பள்ளியில் விட்டது விட்டதுதானா? பெரியவர்களான பிறகு வழியே இல்லையா? இந்த வயதில் எனக்கு இந்தக் கேள்விதான் பெரிதாகத் தோன்றியது.

ஓவிய சாரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். இன்னும் பகுதிநேரம்தான். சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது, வேலை நிரந்தரமாகவில்லை. "சார், அப்ப நான் செஞ்சது தப்பு" என்றேன். "அதெல்லாம் பழகிப்போச்சு டீச்சர்" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்கு ஒரு நீளமான வராண்டா உண்டு. நூலகர் தம்பியிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை அதைக் கேட்டு வாங்கினேன். கொடிக்கயிறு கட்டினோம். துணி கிளிப் ஒரு டஜன், சார்ட் பேப்பர், பென்சில், கலர் பெட்டி. ஓவிய சார் மாதம் இரண்டு ஞாயிறு வருகிறார். பஸ் செலவும் ஒரு சிறு தொகையும் நாங்கள் நாலைந்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து தருகிறோம். விதி ஒன்றே ஒன்று. பரிசு கிடையாது. வரைந்த எல்லாமும் கயிற்றில் தொங்கும், அடுத்த ஞாயிறு வரை.

முதலில் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். மூன்றாவது வாரம், பேத்தியைக் கூட்டிப் போக வந்த ஓர் அம்மா கயிற்றைப் பார்த்தபடி நின்றார். எழுபது வயது இருக்கும். மாடு வைத்துப் பிழைத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. "நீங்களும் வாங்களேன்" என்றதற்கு, "எனக்கென்ன தெரியும்" என்றார். அடுத்த வாரம் மடியில் ஒரு பழைய நோட்டு கொண்டுவந்தார். முழுக்கக் கோலம். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி, சிக்குக் கோலம். அறுபது பக்கம் இருக்கும். சில பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. ஓவிய சார் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இன்னிக்கு பாட்டிதான் டீச்சர்" என்றார். கையை எடுக்காமல் ஒரே கோட்டில் அந்த அம்மா சுற்றி வந்து முடித்தபோது, செல்போன் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். அந்தக் கோலமும் கயிற்றில் தொங்கியது. தன் பெயரை அதன் கீழே எழுதச் சொன்னார். அந்தப் பெயரை அவரால் படிக்க முடியாது. ஆனாலும் யார் வந்தாலும் காட்டினார்.

தை மாதம் ஒரு வேன் பேசி, 19 பிள்ளைகளும் ஆறு பெரியவர்களும் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெரிய கோயிலுக்கு நூறு முறை போயிருப்பேன். அரண்மனை வாசலைத் தாண்டியதில்லை.

அங்கே திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் செப்புத் திருமேனி இருக்கிறது. ராஜராஜன் காலம், 1011-ஐ ஒட்டியது. சிவன் தலைமுடியைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, கால்களைப் பின்னி, ஒரு கையை மடித்து எதன் மேலோ ஊன்றியது போல ஒய்யாரமாக நிற்கிறார். கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் சிலவற்றில் பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் விளக்கம் சொல்லமாட்டார்கள், மூன்று கேள்வி கேட்பார்கள் என்று படித்திருந்தேன். இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? அவ்வளவுதான். நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிறந்த முறை இது. செலவில்லாத முறை. நானும் பலகையில் இருந்ததைப் படிக்காமல் அதையே கேட்டேன்.

ஒரு பெண், "ஃபிரெண்டு தோள் மேல கை போட்டிருக்காரு" என்றாள். எதை வைத்துச் சொல்கிறாய் என்றேன். "கை அப்படி இருக்கு." இன்னொருவன், "இல்ல, தோள்னா கை இன்னும் மேல இருக்கணும்" என்றான். டைல்ஸ் தம்பியின் அக்கா மகளும் வந்திருந்தாள். அவள் பென்சிலை நீட்டி அளக்கவே ஆரம்பித்துவிட்டாள். ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை.

பின்னால் நின்ற கோலப் பாட்டி மெதுவாகச் சொன்னார். "மாடும்மா. மாட்டு மேல கையப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. நான் நிப்பேன்ல, கொட்டாயில, அப்படி."

அதுதான் சரி. அந்தச் சிலையோடு இருந்த காளை இன்று இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஸ்தபதியின் மனதில் இருந்த மாட்டை, மாடு வளர்த்த ஒரு கை கண்டுபிடித்துவிட்டது. படித்த நான் கண்டுபிடிக்கவில்லை. பலகையைப் படித்திருந்தால் பெயர் தெரிந்திருக்கும், இது தெரிந்திருக்காது. பிள்ளைகள் எல்லோரும் பாட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவர் வாழ்க்கையில் எத்தனை தடவை வாங்கியிருப்பார்?

ஊர்க் கலைக்கூடம் எதற்கு என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். படம் மாட்டி வைப்பதற்கு மட்டும் என்றால் ஒரு காவலாளியும் பூட்டும் போதும். ஏழு வயதும் எழுபது வயதும் ஒரே பொருளுக்கு முன்னால் நின்று பேசிக்கொள்ள, வீட்டைத் தவிர இன்று நம் ஊரில் வேறு எந்த இடம் இருக்கிறது? வீட்டிலும் டிவிக்கு முன்னால் பேச்சு இல்லை.

ஜனங்கள் இருக்கும் இடத்துக்குக் கலையைக் கொண்டுபோவது நமக்குப் புதிதும் இல்லை. 1938-ல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு, காந்தி கேட்டுக்கொண்டபடி நந்தலால் போஸ் படங்கள் வரைந்தார். துணி தைப்பவர், தச்சர், மேளம் அடிப்பவர் என்று சாதாரண மனிதர்களின் படங்கள். மாநாட்டுக்கு வந்த கிராமத்து ஜனங்கள் போகிற வருகிற வழியில் பார்க்கும்படி அவற்றை வைத்தார்கள்.

வயதானவர்களுக்கு இதனால் என்ன லாபம் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உடல் நலம், மன நலம் இரண்டுக்கும் கலை உதவுகிறது என்று சொன்னது. நான் டாக்டர் இல்லை. என் கண் முன்னால் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் போன பிறகு வெளியே வராமல் இருந்த என் தோழி ஒருத்தி, இப்போது சனிக்கிழமையே பென்சிலைச் சீவி வைக்கிறாள்.

இதில் குறையும் இருக்கிறது. மழை வந்தால் வராண்டா நனைந்துவிடும். பரீட்சை மாதத்தில் பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்புவதில்லை. எங்கள் கைக்காசு எத்தனை நாள் வரும் என்று தெரியாது. எங்கள் தெருவைத் தாண்டிக் காலனிப் பிள்ளைகள் வர ஆரம்பிக்க ஆறு மாதம் ஆனது. நாங்களே போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்கள். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, போய்க் கூப்பிடவும் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் என் கோரிக்கைகள் இவை.

ஒன்று, ஓவிய ஆசிரியரைப் பகுதிநேர ஆளாகவே வைத்திருக்காதீர்கள். அவருக்கு நிலையான பணி கொடுங்கள். மே மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இரண்டு, மாவட்டங்களில் இருக்கும் அரசு அருங்காட்சியகங்கள் மாதம் ஒரு நாளாவது ஊர்ப் பிள்ளைகளையும் முதியவர்களையும் சேர்த்து அழைக்கட்டும். உட்கார நாற்காலி போடுங்கள். முழங்கால் வலியோடு எத்தனை சிலையைப் பார்ப்பது?

மூன்று, ஒவ்வொரு நூலகத்திலும் ஒரு சுவரை ஊருக்குக் கொடுங்கள். ஒரு கயிறும் கிளிப்பும் போதும்.

நான்கு, பணியில் இருக்கும் என் தம்பி தங்கைகளே, ஓவிய பீரியடைக் கடன் வாங்காதீர்கள். உங்களுக்கும் என்னைப் போல நல்ல காரணம் இருக்கும். தேர்வு இருக்கும், மேலதிகாரி கேட்பார், பஸ் போய்விடும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பீரியடை நான் ஓவிய சாரிடம் கேட்டேனே தவிர, எடுத்தது பிள்ளைகளிடமிருந்து. அவர்களை நான் கேட்கவே இல்லை.

டைல்ஸ் தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப் பல தடவை கூப்பிட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், அன்றைக்குத்தான் வேலை அதிகம் என்கிறான். இன்னும் வரவில்லை. அவன் அக்கா மகள் மட்டும் தவறாமல் வருகிறாள். போன வாரம் சார் அவளுக்கு நிழல் போடச் சொல்லிக் கொடுத்தார். "வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு முதல்ல பாரு" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு எலுமிச்சம்பழத்துக்கு நிழல் போட்டேன். உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. அதுவும் கயிற்றில் தொங்குகிறது.

உங்கள் பள்ளி ஓவிய ஆசிரியரை ஞாபகம் இருக்கிறதா? அவர் சொல்லித் தந்தது எதுவும் இன்றும் உங்கள் கையில் இருக்கிறதா? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஓவிய சாருக்குப் படித்துக் காட்டுகிறேன்.